கதவுக்கு வாய் முளைத்தபோது

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே அம்மா சுகம், நான் சுகம். அப்பாவின் முதுகு மட்டும் சுகமில்லை. ஆனால் அது நம் குடும்பத்தில் யாரோடும் ஒத்துப்போகாத உறுப்பினர் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? போட்ட ஆணி உள்ளே சமர்த்தாக இருக்கிறதா? நடக்கும்போது சத்தம் வந்தால் எண்ணெய் விடச் சொல்லுங்கள்.

இனிமேல் போன் வேண்டாம், கடிதம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் முதியோர் இல்லத்தில் போன் மேனேஜர் மேசைமேல் இருந்தால் அது போனா, மேடையா? போன வாரம் நீங்கள் "நல்லா இருக்கேன்" என்று மூன்று தடவை சொன்னீர்கள். நடுவில் யாரோ கத்தரிக்கோல் கேட்டார்கள். இன்னொருவர் தும்மினார். நானும் பதிலுக்கு "நல்லா இரு" என்று அவருக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பள்ளியில் ஒரு சின்ன விஷயம். கழிப்பறைக் கதவில் தொங்கிய "பழுது, பயன்படுத்த வேண்டாம்" என்ற அட்டை என் கையோடு வந்துவிட்டது. திரும்பும் வழியில் தலைமையாசிரியர் அறைக் கதவில் ஓர் ஆணி சும்மா இருந்தது. மதியம் வரை யாரும் அவர் அறைக்குள் போகவில்லை. சாயங்காலம் அவர் அசெம்பிளியில் "இவ்வளவு நிம்மதியான காலைப்பொழுது எனக்கு அமைஞ்சதே இல்ல" என்றாராம். யார் செய்தது என்று இன்னும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது.

நம் வீட்டில் மாடிப்படி இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் இங்கேயே இருந்திருப்பீர்கள். அதற்காகப் படிமேல் எனக்கு இன்னும் கோபம். தினமும் இரண்டு இரண்டாகத்தான் மிதிக்கிறேன்.

உங்கள்
வாலு


ஜூன் 21

என் வாலுக்கு,

நான் சௌக்கியம். ஆணியும் சௌக்கியம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடையின் கடைசிவரை போய்த் திரும்புகிறேன். உன் அப்பன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். சின்ன வயதில் புத்தகப் பையைத் தூக்கச் சொன்னாலே அந்த முதுகு வலிக்கும். எனக்குத் தெரியாத முதுகா?

அறை நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் துணி காயப்போடும் முற்றம். உலகத்தில் உள்ள எல்லாப் படுக்கைவிரிப்பும் இங்கேதான் காய்கிறது போலிருக்கும். பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறார், ஆயுசு முழுக்க ரயில் ஓட்டினவர். எல்லாரும் டிரைவர் என்கிறார்கள், நானும் அப்படியே. எனக்கும் அவருக்கும் தினமும் சாயங்காலம் கேரம். ரயிலைச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினவர், காயை மட்டும் பிளாட்பாரம் தாண்டித்தான் விடுகிறார். அதைச் சொன்னால் கோபம் வரும். தோற்றால் முகம் எட்டுக் கோணலாகப் போகும். அதைப் பார்க்கவே ஜெயிக்கலாம். ஆனால் பாதி நாள் அவர்தான் ஜெயிக்கிறார், அப்போது என் முகம் எப்படிப் போகிறது என்று அவர் சொல்லிக் காட்டுவார்.

அவர் தேநீரில் ஏதோ பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கிறார்கள். தண்ணீராகக் குடித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். "கூழ் டீ" என்று திட்டிக்கொண்டே குடிப்பார்.

வேறு விசேஷம் இல்லை. கதவுகளில் ஏதோ படம் ஒட்டியிருக்கிறார்கள். அலங்காரம்.

கணக்குப் பரீட்சை என்ன ஆயிற்று? எழுது.

அன்புடன்
அத்தை


ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

பார்த்துவிட்டு வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, அதற்குள் சுகம் விசாரித்தால் சிரிப்பீர்கள். இருந்தாலும் விசாரிக்கிறேன்: சுகமா? நான் சுகமில்லை. கோபமாக இருக்கிறேன்.

கணக்கில் அறுபத்தொன்று. முதலில் இதைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

அத்தை, அது அலங்காரம் இல்லை. அப்பா வாசலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய அட்டை, வண்ணத்தில் அச்சடித்து, பாடப்புத்தகம் மாதிரி. நட்சத்திரம் என்றால் விழக்கூடியவர். துளி என்றால் கெட்டியாக்காமல் எதையும் குடிக்கக் கொடுக்கக்கூடாது. நிலா என்றால் ஞாபகம் குறைந்தவர். பிறகு நடையில் நடந்து வந்தால் கதவுக்குக் கதவு ஊரார் வியாதி. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். உங்கள் இல்லத்தில் கதவுக்கு வாயே முளைத்துவிட்டது.

உங்கள் கதவில் நட்சத்திரம் இருந்தது. சரி, இடுப்பு. பக்கத்தில் நிலா எதற்கு? நிலா வீடு மாறி உதித்திருக்கிறது.

நான் உங்களுக்கு முன்னாடி வந்து கதவருகில் நின்றபோது தண்ணீர் கேன் போடுகிற ஆள் வந்தான். அவன் மருத்துவனா, நர்ஸா? கேனைத் தோளிலிருந்து இறக்காமலே கதவைப் படித்தான். பிறகு உங்களைப் பார்த்து, மலையடிவாரத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, "பாட்டி, இதுதான் உங்க ரூம், தெரியுதா?" என்றான். நீங்கள் "தெரியுதுப்பா" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அவனுக்கு நீங்கள் வேறு என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று பேருந்தில் வரும் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். நல்ல நல்ல பதிலாக வந்தது.

அப்பா அட்டையைப் பார்க்கவில்லை. நிலாவைப் பார்த்து "அழகா ஒட்டியிருக்காங்க" என்றார். அவரிடம் சொல்லி மேனேஜரிடம் சண்டை போடச் சொல்லட்டுமா? அந்த முதுகை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது, ஆனால் உட்கார்ந்தபடி போடலாம்.

உங்கள்
வாலு


ஆகஸ்ட் 1

என் வாலுக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா, அம்மா சௌக்கியமா? அப்பனிடம் எதுவும் சொல்லாதே. சண்டையும் வேண்டாம்.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே வேலைக்கு வருகிறவர்கள் நிலைப்பதில்லை. இன்றைக்கு வந்த பெண் நாளைக்கு வேறு இடம் போய்விடுகிறாள். புதிதாக வருகிறவளுக்கு யார் விழுவார், யாருக்குப் புரையேறும் என்று தெரிய வேண்டுமே என்று சிஸ்டர் சொன்னாள். நல்ல பெண், பாவம், ஓடிக்கொண்டே இருக்கிறாள்.

நான் லேபில் இருந்த காலத்தில் இந்த ஊரில் பாதிப் பேர் ரத்தம் என் கையில்தான் வந்தது. யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் குழந்தை, யாருக்கு அதைவிடப் பெரிய விஷயம், எல்லாம் அவர்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசுவேன். உன் அப்பன் ரிப்போர்ட்டைக்கூட உறையில் போட்டு ஒட்டித்தான் கொடுத்தேன். "என்னன்னு சொல்லேன்க்கா" என்று கெஞ்சினான். டாக்டரிடம் போ என்றேன். அதற்கு எட்டு நாள் பேசவில்லை.

ஒரு விஷயம்தான் எனக்கு ஒப்பவில்லை. டிரைவர் தோற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கதவில் படம் வந்த பிறகுதான். சிவப்புக் காய் குழிக்கு நேராக நிற்கிறது, ஊதினாலே விழும். அவர் குறி தப்பி அடித்துவிட்டு "அடடா, நீங்க நல்லா ஆடுறீங்களே" என்கிறார். முகத்தில் ஒரு கோணல்கூட இல்லை. ரயிலைச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினவர், காயை மட்டும் பிளாட்பாரம் தாண்டித்தான் விடுகிறார் என்று முன்பு கேலி செய்வேன். இப்போது வேண்டுமென்றே தாண்டி விடுகிறவரை எப்படிக் கேலி செய்வது? சாயங்காலம் பலகையைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது.

நிலா விஷயத்தை விடு.

கணக்குப் பரீட்சை என்ன ஆயிற்று? எழுது.

அன்புடன்
அத்தை


ஆகஸ்ட் 20

அன்புள்ள அத்தைக்கு,

சுகம், சுகம், சுகம். அப்பா முதுகு உட்பட. இன்று எல்லாருக்கும் சுகத்தை இலவசமாக வழங்குகிறேன்.

கணக்குப் பரீட்சையில் அறுபத்தொன்று. "இன்னும் முயற்சி தேவை" என்று டீச்சர் எழுதியிருந்தார். யாருடைய முயற்சி என்று எழுதவில்லை.

ஞாயிறன்று நாங்கள் வந்துபோனதும் உங்கள் இல்லம் கொஞ்சம் மாறியிருக்குமே, கவனித்தீர்களா? சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் கண்ணயர்ந்தீர்கள். அப்பா பெஞ்சில் கால் நீட்டிக் குறட்டைக்குப் போய்விட்டார். என் பையில், எங்கள் பள்ளி எதிரில் இருக்கும் ஸ்டேஷனரி கடையில் வாங்கிய ஒட்டுப்படக் கட்டு. அதே நிலா, அதே நட்சத்திரம், அதே துளி. உங்கள் மேனேஜரும் அங்கேதான் வாங்கியிருப்பார் போல.

எல்லாக் கதவுக்கும் எல்லாம் ஒட்டினேன் அத்தை. ஒருவர் விடாமல். எல்லாரும் விழுகிறவர், எல்லாரும் மறக்கிறவர், எல்லாருக்கும் புரையேறும். சமையலறைக்கு ஒரு நிலா, மதிய உணவில் உப்பு மறந்ததற்காக. லிஃப்டுக்கு ஒரு நட்சத்திரம், விழக்கூடியது. மீன்தொட்டிக்குத் துளி: இந்த மீன்களுக்குக் கெட்டியாக்காமல் தண்ணீர் தராதீர்கள். மேனேஜர் கதவில் ஒரு நிலாவைத் தலைகீழாக ஒட்டினேன், பார்க்கச் சிரிக்கிற வாய் மாதிரி இருந்தது.

எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் காதில் விழாதே. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை, அதனால் இரைச்சலைக் கூட்டிவிட்டேன். இனிமேல் கேன்காரன் யாரிடம் போய்க் கத்துவான்? டிரைவரும் இனிமேல் ஒழுங்காக ஆடுவார், ஏனென்றால் அவர் கதவிலும் நிலா.

மீதிப் படங்களை உங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு உதவும்.

வெற்றிப் புன்னகையுடன்
வாலு


செப்டம்பர் 8

அன்புள்ள அத்தைக்கு,

சுகமா? போன கடிதம் கிடைத்ததா? உங்கள் பதில் இவ்வளவு நாள் தள்ளிப்போனதில்லை. தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கைப்பையைப் பார்ப்பதால் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

போனில் கூப்பிட்டேன். "ஓய்வெடுக்கிறாங்க" என்றார் மேனேஜர். அப்புறம் கூப்பிட்டேன், அப்போதும் ஓய்வு. நீங்கள் ஓய்வு எடுக்கிற ஆள் இல்லையே.

வேறு விசேஷம் இல்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

வாலு


செப்டம்பர் 16

வாலு,

நான் சௌக்கியம். நீங்கள் எல்லாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நடந்ததை எழுதுகிறேன், உட்கார்ந்து படி. நீங்கள் போன மறுநாள் காலையில் எல்லாக் கதவையும் பார்த்துவிட்டு ஒரே களேபரம். எது பழையது, எது புதியது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் உரித்துவிட்டு, பைலைப் பார்த்துத் திரும்ப ஒட்டலாம் என்று மேனேஜர் சொன்னார். உரித்தார்கள். ஒட்டுவதற்குள் தேநீர் வண்டி வந்துவிட்டது. அன்றைக்கு வண்டி தள்ளியது புதுப் பெண். டிரைவரின் கதவு வெறுமையாக இருந்தது. எல்லாருக்கும் கொடுப்பதைப் போல அவருக்கும் கொடுத்தாள். அவரும், கூழ் இல்லாமல் எவ்வளவோ நாளுக்குப் பிறகு ஒரு தேநீர் என்று ஆசையாகக் குடித்திருக்கிறார்.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இருமல் கேட்டது. நிற்கவே இல்லை. சிஸ்டர் ஓடிவந்து குனியவைத்து முதுகில் தட்டிக் காப்பாற்றினாள். ஆனால் நெஞ்சில் இறங்கிவிட்டது. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் வரவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் எனக்குச் சொல்ல மாட்டார்களாம், நான் சொந்தக்காரி இல்லையாம். சரிதான். இதை மட்டும் சரியாகக் காப்பாற்றுகிறார்கள்.

என் இழுப்பறையில் மீதிப் படங்கள் கிடைத்தன. நான்தான் செய்தேன் என்று முடிவு செய்துவிட்டார்கள். "இந்த நிலைமைல இப்படிச் செய்றது சகஜம்" என்று மேனேஜர் யாரிடமோ போனில் சொன்னதைக் கேட்டேன். அடுத்த மாதம் என்னை மாடிக்கு மாற்றுகிறார்கள். மாடியில் கதவைப் பூட்டித்தான் வைப்பார்கள். முற்றம் தெரியாது.

நான் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் உன்னை உள்ளே விடமாட்டார்கள். சொன்னாலும் என் பேச்சு எடுபடும் என்று நிச்சயம் இல்லை. நீ ஒன்றும் செய்யாதே. படி.

அத்தை


செப்டம்பர் 19

மதிப்புக்குரிய மேனேஜர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இல்லத்தில் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று எழுதுவது வழக்கம். ஒருவர் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நான். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

கதவுகளில் படம் ஒட்டியது என் அத்தை இல்லை. நான். அத்தை அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் இரண்டு கையையும் விட்டுவிட்டு லிஃப்டின் மேற்சட்டத்தில் நட்சத்திரம் ஒட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்கள். உங்கள் கதவில் இருந்த நிலா தலைகீழாக இருந்திருக்கும். மீன்தொட்டியில் துளியை இடப்பக்கக் கண்ணாடியில் ஒட்டினேன். ஒட்டினவளுக்குத்தான் இது தெரியும்.

நான் விளையாட்டுக்குச் செய்தேன். படத்தை நம்பித்தான் ஒருவர் உயிர் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. டிரைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு கடிதம் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது, தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். என் அப்பாவிடம் நான் ஒட்டியதையும், ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை. படங்களுக்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டார். நான் சொல்லவில்லை.

என்னை உள்ளே விடவேண்டாம். அத்தையை மாடிக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாமா? ஒன்று, அத்தை கதவில் நிலா சரியா, தப்பா? இரண்டாவது, உங்கள் கதவில் நிலாவைப் பார்த்ததும் உங்களுக்கு எப்படி இருந்தது? இரண்டாவதைக் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
அத்தையின் தம்பி மகள்


அக்டோபர் 4

தம்பி மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அத்தை கீழ்த்தளத்திலேயே இருப்பார். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பரவாயில்லை என்று சொன்னால் அது பரவாயில்லை என்று அர்த்தமில்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது.

டிரைவருக்கு உன் கடிதம் சேர்ந்தது. அவர் உடல்நிலையை உனக்கு நான் எழுதக்கூடாது. அவர் எழுதினால் தெரிந்துகொள்.

உன் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அந்த நிலாவை முதலில் நான் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்தபடியே வைத்திருப்பேன், படம் வெளிப்பக்கம். தண்ணீர் கேன் போடுகிறவர்தான் சிரித்துக்கொண்டே "மேடம், உங்களுக்குமா?" என்றார். உரித்துப் போட்டேன். ஆனால் அன்று முழுக்க, சாவியைத் தேடினால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெயர் சட்டென்று வரவில்லை, சிஸ்டர் மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரே நாள்தான் அந்தப் படம் என் கதவில் இருந்தது.

வெளியே இருந்த அட்டையைக் கழற்றிவிட்டேன். கதவுப் படங்களும் இல்லை. பணியாளருக்குத் தெரியவேண்டியது அறைக்குள் அலமாரிக் கதவின் உட்புறம் இருக்கும். தேநீர் வண்டியில் மூடிபோட்ட ஒரு கோப்பு, வண்டி தள்ளுகிறவர் அதைத் திறந்து பார்க்காமல் ஒரு கோப்பையும் ஊற்றக்கூடாது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். வசதியாக இருந்ததால் யோசிக்கவில்லை. நீ விளையாட்டாக இருந்ததால் யோசிக்கவில்லை. புரையேறினது அவருக்கு.

இந்த மாதம் உனக்கு அனுமதி இல்லை. அடுத்த மாதம் அப்பாவோடு வரலாம். பையை வாசலில் காட்ட வேண்டும்.

உன் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. அது அவருடையது. அவரைக் கேள்.

மேனேஜர்


அக்டோபர் 29

என் வாலுக்கு,

நான் சௌக்கியம். இடுப்பும் சௌக்கியம். அம்மாவுக்கு ராத்திரி வேலை மாறிவிட்டதா? அப்பன் பேச ஆரம்பித்தானா? அவன் பேசாமல் இருப்பது எட்டு நாள் வரைதான் தாங்கும், கணக்குப் பார்த்தால் எப்போதோ பேசியிருப்பான்.

டிரைவர் வந்துவிட்டார். இளைத்துவிட்டார், குரல் கரகரவென்று இருக்கிறது. உன் கடிதத்தை எனக்குப் படிக்கக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. "அந்தப் பொண்ணு வரட்டும், பலகையில வச்சு ஒரு கை பார்க்கிறேன்" என்கிறார். அவரிடம் நீ கேட்கவேண்டிய மன்னிப்பைக் கேட்டுவிட்டாய். என்னிடம் கேட்க வேண்டாம்.

அவர் வந்த சாயங்காலமே பலகையை எடுத்து வைத்தேன். காய் அடுக்கும்போது சொன்னேன்: "எனக்கு மறதி வியாதிதான். டாக்டர் பேர் வச்சுச் சொல்லியாச்சு. ஒருநாள் உங்களையே யாருன்னு கேப்பேன். அன்னைக்கு வேணா தோத்துக்குடுங்க. இன்னைக்கு ஒழுங்கா ஆடுங்க."

அவர் கொஞ்ச நேரம் பவுடரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தண்ணி குடிக்கத் தெரியல, உங்களுக்கு மறக்குது. சரி, யாரு முதல்ல அடிக்கிறது?" என்றார்.

கதவு சொன்னபோது அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். நான் சொன்னபோது ஸ்ட்ரைக்கரை எடுத்தார்.

இப்போது உனக்கு. நிலா வீடு மாறி உதிக்கவில்லை வாலு. என் வீட்டு வாசலில் ஒரு படி இருப்பதை மறந்துபோய்த்தான் அன்றைக்கு விழுந்தேன். முப்பது வருஷம் மிதித்த படி. வழுக்கிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். டாக்டர் எனக்கு மட்டும் சொன்னார், அதை நான் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். யாருக்கு, எப்போது என்று நானே பார்த்துக் கொடுக்கலாம் என்று. அதற்குள் இவர்கள் ஆஸ்பத்திரி பைலைப் பார்த்துக் கதவில் போட்டுவிட்டார்கள்.

உன் கடிதங்களை எல்லாம் போன வாரம் எடுத்துப் படித்தேன். கணக்கு மார்க்கை இரண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை சொல்லிப் பெருமைப்படுகிற மார்க் இல்லை அது. அப்படியானால் நான்தான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். நீ ஒன்றும் சொல்லாமல் புதிதாகப் பதில் எழுதியிருக்கிறாய். ஊரெல்லாம் கலாட்டா செய்கிற வாய், அங்கே மட்டும் எப்படிச் சும்மா இருந்தது என்று யோசித்தேன். ரொம்ப நேரம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பனிடம் நானே சொல்கிறேன். எனக்குத் தோன்றும்போது, என் வாயால். அதுவரை நீ சொல்லாதே. அவன் கேட்டாலும்.

அன்புடன்
அத்தை


நவம்பர் 17

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் சுகம். அம்மாவுக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது. அப்பா எட்டு நாள் இல்லை, பத்து நாள் பேசவில்லை. வயதானால் தாங்கும் சக்தி கூடுகிறது போலிருக்கிறது. நீங்கள் சுகமா? கேரத்தில் யார் முன்னால் இருக்கிறீர்கள்? பொய் சொல்லாமல் எழுதுங்கள், டிரைவரிடமும் விசாரிப்பேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன், நாலு தடவை. நகைச்சுவையாக எழுதினால் பொருத்தமாக இல்லை. அழுகையாக எழுதினால் நீங்கள் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். அதனால் இதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் எத்தனை தடவை கேட்டாலும் பதில் இருக்கிறது. மார்க்கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிக்கொள்வேன், அந்த லாபம் எனக்கு.

யாரிடமும் சொல்லவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் திரிகிற மாதிரி. அம்மா "பல்வலியா?" என்று கேட்டாள்.

நேற்று அப்பாவுக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. நான்தான் வாங்கினேன். உறை நன்றாக ஒட்டியிருந்தது, நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பிடித்திருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். அப்பா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு அங்கேயே நின்று படித்தார். குழாயை மூடவில்லை. நான் போய் மூடினேன். அவருக்கு அது தெரியவில்லை. முதல் பக்கத்துக்கே திரும்பப் போய்ப் படித்தார்.

அப்புறம் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அத்தை எப்படி இருக்காங்களாம்?" என்றேன்.

"நல்லா இருக்காளாம்."

கொஞ்ச நேரம் அதே தட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "உனக்கு எழுதினதுல என்ன எழுதியிருந்தா?" என்று கேட்டார்.

"கேரம்ல தோத்துட்டாங்களாம்."

"ஓ" என்றார். தலையை ஆட்டினார். "இனிமே மாசத்துக்கு ரெண்டு தரம் போய்ட்டு வரலாமா?"

ஏன் என்று கேட்கவேண்டிய இடம் அது. கேட்காவிட்டால் சந்தேகம் வரும் என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்றார் அப்பா.

"சரிப்பா" என்றேன்.

அவர் தட்டைத் துடைத்தார், நான் வாங்கி அடுக்கினேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, சமையலறையில் அத்தனை பாத்திரத்தையும் கழுவி முடித்தோம். உங்கள் தம்பிக்கு நடிப்பு சுமார்தான். கடைசித் தட்டு வரைக்கும் சமாளித்துவிட்டார்.

ஞாயிறு வருகிறோம்.

உங்கள்
வாலு